ஜானகிராமனும் பரிந்துரைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதாலேயே, இந்த ஊரில் நடக்கும் தி. ஜானகிராமனின் நாவலைக் குறித்து "மோகமுள் படித்தாயிற்றா?" என்ற கேள்வியைக் கல்லூரி நாட்களிலிருந்து எத்தனையோ பேரிடமிருந்து கேட்டுவிட்டேன். இல்லை என்று சொன்னால், "இந்த ஊர்க்காரராக இருந்துகொண்டா?" என்பார்கள். பிறகு பாபு யார், யமுனா யார், அவள் அவனைவிட எவ்வளவு மூத்தவள், எந்த இடத்தில் நான் உருகிப்போவேன் என்பது வரை சொல்லி முடித்துவிடுவார்கள். தி. ஜானகிராமனின் நூற்றாண்டான 2021இல் இந்தப் பரிந்துரைகள் இன்னும் பெருகின. எல்லோரும் அன்பினால் சொன்னவர்கள்தாம். ஆனால் கேட்கக் கேட்க, படிக்கும் ஆசைதான் எனக்குக் குறைந்தது.

இரண்டு முறை நாவலை எடுத்து, ஐம்பது பக்கங்களுக்குள் மூடிவைத்தேன். மற்றவர்கள் வியந்த இடம் வந்துவிட்டதா, அதே வியப்பு எனக்கும் உண்டாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கதையைப் படிக்கவில்லை. உண்டாகாதபோது என் ரசனையில்தான் ஏதோ குறை என்ற கூச்சம் வந்தது. தேர்வுக்குப் படிப்பவனின் மனநிலை அது.

பின்னர் ஒருநாள் சென்னைக்குச் செல்லும் ரயிலில், என் அக்கா மகள் படித்துக்கொண்டிருந்த ஜானகிராமனின் சிறுகதைத் தொகுப்பை இருக்கையில் வைத்துவிட்டு உறங்கிப்போனாள். எடுத்துப் புரட்டினேன். 'சிலிர்ப்பு' என்ற கதை. வயிற்றுப்பாட்டுக்காகக் கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு சிறுமிக்கு, தான் தின்னாமல் காத்துவைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தைச் சிறுவன் ஒருவன் கொடுத்துவிடும் இடத்தைப் படித்தபோது கண்கள் நிறைந்துவிட்டன. மயிலாடுதுறை தாண்டியதுகூடத் தெரியவில்லை. இங்கே அழவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகுதான் மோகமுள்ளையும் முழுமையாகப் படித்தேன்.

1979இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததே 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்காகத்தான். அப்படியிருந்தும், என்னிடம் பரிந்துரைத்தவர்களில் ஒருவர்கூட அவருடைய சிறுகதை ஒன்றைக் குறிப்பிட்டதில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

தங்கள் நாளிதழின் நூல் பக்கத்திலும் 'படித்தே ஆகவேண்டிய' என்ற தலைப்பில் அதே சில நாவல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் பட்டியல்களுக்குப் பதிலாக, ஓர் எழுத்தாளரின் அதிகம் பேசப்படாத சிறுகதையிலிருந்து ஒரு பத்தியை மட்டும், புகழுரையோ கதைச் சுருக்கமோ இல்லாமல், வாரந்தோறும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கும்பகோணம்.