பதினாறு பார், அப்புறம்தான் கேமரா

தருமபுரி

அன்புள்ள முனிராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பென்னாகரம் பக்கம் இன்னும் கூத்து ஓயவில்லை. ஒரு வகையில் உன் கேள்விக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

உன் மகன் ராப் பாடப் போகிறேன், அப்படியே நடிக்கவும் போகிறேன் என்று ஹிப்ஹாப் ஆதியைக் காட்டுகிறானாம். நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறாய். நடக்கும். ஆனால் ஆதியைக் காட்டுகிறவன் அவர் வந்த வரிசையையும் பார்க்கணும். கோயம்புத்தூரில் கூட்டாளி ஜீவாவோடு சேர்ந்து 'ஹிப்ஹாப் தமிழா' என்ற குழுவை ஆரம்பித்தது 2005. முதல் ஆல்பம் 2012. அடுத்த வருஷம் அனிருத் இசையில் 'எதிர்நீச்சல்' பாட்டு. 2015இல் சுந்தர் சி.யின் 'ஆம்பள' மூலம் படத்துக்கு இசை, அதே வருஷம் 'தனி ஒருவன்'. கதாநாயகனாக 'மீசைய முறுக்கு' வந்தது 2017இல். ஆக, பன்னிரண்டு வருஷம். அந்தப் படத்தையும் அவரே எழுதி இயக்கினார், கதையும் பெரும்பாலும் அவர் வாழ்க்கைதான். தன் ஊர்ப் பேச்சு, தன் பாட்டு, தன் கூட்டம். புது நடிகன் தடுமாறுகிற இடங்கள் அதில் குறைவு. தன் கதையை விட்டு வெளியே வந்து ஹாக்கி வீரனாக நடித்ததெல்லாம் 2019இல், 'நட்பே துணை'யில். பாட்டால் சேர்ந்த ஆட்கள்தான் முதல் நாள் டிக்கெட் எடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

பாடி, ஆடி, வசனமும் பேசுகிற ஒரே ஆள் நம் பக்கத்துக்குப் புதுசில்லை. கூத்துக்காரர் ராத்திரி முழுக்கச் செய்வது அதுதான். ஆனால் கூத்தில் பின்பாட்டுக்காரர் பாட்டு வரியை வாங்கித் திருப்பிப் பாடுவார், அந்த இடைவெளியில் வேஷக்காரர் மூச்சு வாங்கிக்கொள்வார். ராப்பில் அந்த ஆள் கிடையாது. மூச்சுக்கான இடத்தை எழுதும்போதே விடணும். பையன்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

கணக்கு இது. பீட் என்பது ராப்புக்குப் பின்னால் ஓடுகிற தாள இசை, பிபிஎம் என்பது நிமிஷத்துக்கு எத்தனை தாள அடி என்கிற கணக்கு, பார் என்பது ஒரு தாளச் சுற்று. 90 பிபிஎம் பீட்டில் ஒரு பார் நாலு அடி, அதாவது 2.67 வினாடி. பதினாறு பார் கிட்டத்தட்ட 43 வினாடி. ஒரு அடியை நாலாக உடைத்தால் பாருக்குப் பதினாறு கட்டம். பதினாறையும் அடைத்தால் நாலாவது பாரில் குரல் கம்மும், எட்டாவதில் சொல் விழும். இரண்டு பாருக்கு ஒரு தடவை கடைசி மூன்று கட்டத்தைக் காலியாக விடச் சொல்.

தமிழுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கு இரண்டு என்று வைத்து எழுதினால் பேச்சு இயல்பாக உட்காரும். வேகத்துக்காக நெடிலை ஒரே கட்டத்தில் அமுக்கினால் 'வீடு' 'விடு' ஆகிவிடும், 'பாடு' 'படு' ஆகிவிடும். கேட்கிறவனுக்கு அர்த்தமே மாறிப்போகும். இங்கிலீஷ் ராப்பைக் கேட்டு வேகம் கற்றவர்கள் எல்லாருக்கும் இந்தக் கோளாறு வருகிறது.

கடைசிச் சொல்லில் மட்டும் ஓசை சேர்ப்பதும் பத்தாது. நம் வினைச்சொல் எல்லாம் '-கிறேன்', '-ஆன்' என்றே முடிவதால் அந்த இயைபு சும்மாவே வந்துவிடும், பத்து வரியில் சலித்தும் விடும். எதுகையை பாருக்கு உள்ளே, இரண்டாவது நாலாவது தாள அடி விழுகிற இடத்தில் வைத்தால்தான் காதில் தைக்கும். நாக்குப் பழக திருப்புகழை மெட்டில்லாமல், கைத்தட்டலோடு சத்தம் போட்டுப் படிக்கச் சொல். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பதிவுக்குப் பெரிய ஸ்டுடியோ வேண்டாம். நம் ஊர் வீடுகளில் சிமென்ட் சுவரும் கான்கிரீட் கூரையும்தான் எதிரி, குரல் முட்டித் திரும்பும். பாடுகிறவன் முதுகுப் பக்கமும் இரண்டு பக்கமும் கனமான ரஜாயைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிடணும். மைக் ஒரு சாண் தள்ளி, நடுவே பாப் ஃபில்டர் என்கிற காற்றுத் தடுப்பு வலை, இல்லாவிட்டால் 'ப' வருகிற இடமெல்லாம் வெடிக்கும். உச்சத்தில் கத்தும்போதும் ஒலி அளவு காட்டுகிற மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. சிவப்பைத் தொட்டு உடைந்த குரலை மிக்ஸிங்கில் சரிக்கட்ட முடியாது. ஹெட்போனில் குரல் பிந்தி வந்தால் பதிவு மென்பொருளில் பஃபர் என்கிற அளவை 128 சாம்பிளுக்குக் குறைக்கட்டும். அதே சொல்லை இன்னொரு தடவை பாடி மேலே சேர்க்கிற இரட்டைக் குரல் வரி முழுக்க வேண்டாம், தாள அடி விழுகிற சொல்லுக்கு மட்டும் போதும்.

பீட் விஷயத்தில் கண்டிப்பாக இரு. நெட்டில் சும்மா கிடைக்கிற பீட்டையும், மலிவு லீஸில், அதாவது குத்தகை மாதிரி, பலருக்கும் கொடுக்கிற பீட்டையும் வாங்கிப் பாட்டு போட்டால், அது பிரபலமாகும் நாளில் யூடியூபில் வேறு எவனாவது உரிமை கேட்கலாம், வருமானம் அவனுக்குப் போய்விடலாம். வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமை. யாருக்கு எத்தனை பங்கு என்று வெளியிடும் முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கணும், கூட்டாளி எவ்வளவு நெருங்கிய சிநேகிதனாக இருந்தாலும். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், படப் பாட்டு எழுதுகிறவருக்கும் இசையமைப்பவருக்கும் தியேட்டருக்கு வெளியே வருகிற ராயல்டியில் சம பங்கு உண்டு. அதைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பாட்டு ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் என்கிற சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால்தான் பணம் வீடு வந்து சேரும்.

நடிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. எல்லாச் சொல்லையும் அழுத்திப் பழகிய வாய் வசனத்தையும் அப்படியே அடிக்கும். அது டப்பிங் தியேட்டரில்தான் அம்பலமாகும், திரையில் உதடு மெதுவாக அசையும், குரல் மட்டும் குத்தும். ஒரு பத்தியை ஒரு தடவை பீட்டுக்கும், உடனே இன்னொரு தடவை அம்மாவிடம் சோறு கேட்கிற தொனியிலும் சொல்லிப் பழகட்டும். நம் பக்கத்துப் பேச்சில் கலந்திருக்கிற கன்னடத்தையும் தெலுங்கையும் சென்னைக்காக மறைக்க வேண்டாம் என்று சொல். ஆதியின் குரலில் கோவை கேட்கிறதே, இவன் குரலில் நம் ஓசூர் ரோடு கேட்கட்டும்.

பதினாறு பார் எழுதி, பீட் இல்லாமல் கைத்தட்டலில் மட்டும் பாடி, செல்போனில் பதிந்து அனுப்பச் சொல். எழுதின தாளையும் போட்டோ எடுத்து அனுப்பட்டும். எந்தக் கட்டத்தில் மூச்சு போகிறது என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாதையன்