பாப்பா, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளிவை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். வேலையை விட்டுவிட்டுப் போட்டோ எடுப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து உன் அம்மா உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதிப் பெருமை, பாதிக் கவலை. எனக்குத் தொழிலைப் பற்றிக் கவலை இல்லை, நீ அனுப்பிய பட்டியலைப் பற்றித்தான். ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சார் கேமரா, மூன்று லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், ஸ்டாண்ட், கடைசியில் ஒரு ட்ரோன் வேறு. இதற்குக் கடன் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாய். பணம் தருகிறேன், ஆனால் அந்தப் பட்டியலுக்கு இல்லை.

காலம் முழுக்க அச்சகத்தில் இருந்தவன் நான். படம் எடுக்கத் தெரியாவிட்டாலும், வந்த படம் தாளில் எப்படி விழும் என்று தெரியும். உன் பழைய கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளிகள். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது எங்கள் கணக்கு. வகுத்துப் பார், 20 அங்குலத்துக்கு 13 அங்குலம் வரும். ஒரு பத்திரிகையின் முழுப்பக்கம் அதில் தாராளமாக அடங்கும். தூரத்தில் நின்று பார்க்கும் பேனருக்கு இன்னும் குறைவான புள்ளியே போதும். போன் திரையில் பார்க்கிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்படியென்றால் விலை கூடிய கேமரா எதற்கு? நிறைய விசாரித்தேன். மங்கலான வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றினாலும் படம் அவ்வளவாகப் பொரிப்பொரியாகத் தெரியாது. ஓடுகிறவர்களை ஃபோகஸ் விடாமல் துரத்தும். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் எழுதும், ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். மூன்றும் ஒரே மாதிரியான வேலைக்குத்தான் உதவுகின்றன: திரும்ப நடக்காத, நம் சொல் கேட்காத, இருட்டில் நடக்கிற வேலைக்கு. மேடை நிகழ்ச்சி, விளையாட்டு, கல்யாணம்.

அசையாத பொருளை எடுத்துக்கொள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ 100, லென்ஸின் திறப்பு எஃப் 8 (எண் கூடினால் திறப்பு சிறியது) என்று வைத்தால் ஷட்டர் அரை நொடி திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. பொருள் எங்கும் ஓடப்போவதில்லை. விரல் பட்டு ஆடாமல் இருக்க இரண்டு நொடி டைமர் போதும். பழைய கேமரா தடுமாறுவது உயர்ந்த ஐஎஸ்ஓவில்தான், அந்தப் பக்கமே நீ போகவில்லை. கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ்களில் பெரும்பாலானவையும் எஃப் 8 பக்கத்தில்தான் கூர்மையாக இருக்கும். அந்த நிலையில் உன் படத்தையும் விலை கூடிய கேமராவின் படத்தையும் அச்சடித்துக் கொடுத்தால், எது எது என்று என்னால் சொல்ல முடியாது. உன் கிளையண்டாலும் முடியாது.

அதனால் கையில் இருக்கும் கருவிக்குத் தோதான வேலையாகத் தேடு. சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் ஆன்லைனில் விற்க எல்லாவற்றுக்கும் படம் கேட்கிறார்கள். கைவினைப் பொருள், புத்தகம், துணி, பொம்மை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை, இவ்வளவு இருந்தால் ஆரம்பித்துவிடலாம். வெயில் நேராக விழுந்தால் ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டு. அறையின் மஞ்சள் பல்பை மறக்காமல் அணைத்துவிடு. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் 5500 பக்கம், அந்த பல்பு 3000 பக்கம். இரண்டும் கலந்தால் பொருளின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் ஆரஞ்சாகவும் போகும். அச்சகத்தில் இப்படி வரும் படங்களைச் சரிசெய்வதற்குள் எங்கள் உயிர் போய்விடும். பளபளப்பான உலோகப் பொருளை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்ளாதே. எதிரில் இருப்பதையெல்லாம், உன்னையும் சேர்த்து, அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

மனிதர்களை எடுப்பதற்கும் அதே ஜன்னல்தான். ஆளைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, நிழல் விழும் பக்கத்தில் வெள்ளைத் துணி பிடி. லென்ஸை அகலமாகக் காட்டும் 18 மில்லிமீட்டரில் வைத்துக்கொண்டு முகத்துக்கு அருகே போகாதே, மூக்கு பெரிதாகிவிடும். பின்னால் தள்ளி நின்று 55இல் எடு. ஒரு லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பழைய 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஒன்று வாங்கிக்கொள், அதற்கு நான் தடை சொல்லமாட்டேன். உன் கிட் லென்ஸ் 55இல் எஃப் 5.6தான் திறக்கும். இது அதைவிடப் பத்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவான வெளிச்சத்தை உள்ளே விடும். உன் கேமராவின் சின்ன சென்சாரில் (படம் பதியும் சில்லு) ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் லென்ஸ் போல வேலை செய்யும் என்பதால் முகத்துக்கும் நல்லது. வாங்கும்போது டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்.

ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற அந்தக் காலத்து பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞரைப் பற்றி அண்மையில் படித்தேன். 1863இல், 48 வயதில்தான் அவர் கைக்குக் கேமராவே வந்தது. மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. (நம் வீட்டில் எல்லாம் தலைகீழ்.) நிலக்கரி போட்டுவைக்கும் இடத்தை இருட்டறை ஆக்கினார், கண்ணாடி பதித்த கோழிக்கூடு ஸ்டுடியோ ஆனது. அங்கே எடுத்த முகங்களை இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: படங்களுக்குக் காப்புரிமை பதிவு செய்து, லண்டன் வியாபாரி வழியாக விற்கவும் செய்தார். கலை ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று அவர் இருக்கவில்லை.

கணக்கு என்றதும் நீ முகத்தைச் சுளிப்பாய், தெரியும். இரண்டு மணி நேர ஷூட் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் காசு வாங்கினால் போதும் என்று நினைக்காதே. போய்வர, கார்டிலிருந்து இறக்க, பொறுக்கியெடுக்க, எடிட்டிங் செய்ய, "அந்த ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள்" என்பதற்குப் பதில் சொல்ல, எல்லாமே உன் நேரம். முதல் சில வேலைகளுக்கு ஒவ்வொன்றையும் மணி பார்த்து நோட்டில் எழுது. அப்புறம் வருடச் செலவு, வரி, கேமராவின் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, உண்மையில் காசு வரக்கூடிய மணி நேரங்களால் வகு. உழைக்கும் நேரத்தில் பாதிகூட அந்தக் கணக்கில் தேறாது. கேமராவின் ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. உன்னுடையது போன்றவற்றுக்கு ஒரு லட்சம் கிளிக் பக்கம் சொல்கிறார்கள். ஒரே பொம்மையை இருநூறு தடவை அமுக்குவதும் செலவுதான்.

இலவசமாக எடுத்துக் கொடுத்தால் பேர் கிடைக்கும் என்று வருகிறவர்களிடம் கவனமாக இரு. போர்ட்ஃபோலியோவுக்காக நீயே விரும்பி யாரையாவது எடுத்தால் அது வேறு. வியாபாரத்துக்குப் படம் கேட்கிறவர்களுக்கு பில்லில் முழு விலையை எழுது. குறைக்க மனமிருந்தால் கீழே தள்ளுபடி என்று போடு. அடுத்த முறை எந்த விலையிலிருந்து பேச வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

எதையும் வாய்ப்பேச்சில் விடாதே. எத்தனை படம், எந்தத் தேதிக்குள், எத்தனை முறை திருத்தம், அட்வான்ஸ் எவ்வளவு, ரத்தானால் என்ன, படத்தை நீயும் உன் இணையப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா, எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். உரிமை யாருக்கு என்பதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் அதையும் ஒரு வரி எழுதிவிடு. ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலக் கோப்பு, கேட்டால் தருவதா இல்லையா என்பதும் அதில் இருக்கட்டும்.

கல்யாணம் இப்போது தனியாக வேண்டாம். ஒரே கேமரா, ஒரே கார்டு, அது நடுவில் நின்றுபோனால் யாரிடம் போய் என்ன சொல்வாய்? அனுபவம் உள்ளவர்களோடு இரண்டாவது ஆளாகப் போ. வேலையையும் பார்க்கலாம், அவர்கள் கருவி உன் கைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கலாம். பெரிய வேலை வந்தால் அந்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடு, வாடகையைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடு. ஒரே லென்ஸை அடிக்கடி வாடகைக்கு எடுக்கிறாய் என்றால் அப்போது வாங்கு, நானே கூட வருகிறேன். எடிட்டிங்குக்கு டார்க்டேபிள், கிம்ப் இரண்டுமே இலவசம், மாதச் சந்தா கட்டும் மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம். ட்ரோனைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

சரி, பணம் எதற்கு என்றால், ஆறு மாதத்துக்கு உன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். கையில் காசில்லாத நேரத்தில்தான் எந்த விலைக்கும் தலையாட்டத் தோன்றும். அதோடு ஒரு ட்ரைபாட், கொஞ்சம் கனமானதாக. அப்புறம் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று உன்னிடம், இன்னொன்று வேறு வீட்டில். இரண்டிலும் ஏறிவிட்டதைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். தப்பித்தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதே. மேலே வேறு பதிவு ஏறாதவரை பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

உன் வங்கிக் கணக்கு எண் பழையதுதானா என்று சொல். விலைப்பட்டியல் எழுதியதும் வெளியே போடும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன். அம்மா உன்னிடம் தனியாக ஏதோ பேச வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா