சாட்சி சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் தெய்வீக சுகம், அதாவது ஜெபத்தால் வியாதி நீங்குவது பற்றிய கட்டுரையையும், அதோடு வந்த, சுகம் பெற்றவர்கள் தாங்களே சொன்ன மூன்று சாட்சிகளையும் படித்தேன். ஜெபத்துக்குப் பதில் உண்டு என்று நம்புகிறவன்தான் நானும். ஆனால் மூன்றாவது சாட்சியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. கைவைத்து ஜெபித்த அன்றே மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டாராம்.

என் தங்கைக்கு 12 வயதிலிருந்தே சர்க்கரை. முதல் வகை, இன்சுலின் இல்லாமல் முடியாது. ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் ஊழியக்காரர் அவள் தலையில் கைவைத்தார். "சுகமாயிற்று, மேலே வந்து சாட்சி சொல்லுங்க" என்றார். போய்ச் சொன்னாள். மேடையில் சொல்லிவிட்டு வீட்டில் ஊசி போட்டால் சொன்னது பொய்யாகிவிடுமே! இன்சுலின் குப்பி ஃப்ரிட்ஜ் கதவிலேயே கிடந்தது. இரண்டாம் நாள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பிறகு வாந்தி, மேல்மூச்சு. அந்த மூச்சில் அழுகின பழத்தின் வாடை. தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் கண் விழித்தாள். பார்க்க வந்த ஒருவர் கட்டிலருகே நின்றுகொண்டு, "விசுவாசம் குறைஞ்சு போச்சும்மா" என்றார். உடம்பு ஒரு வாரத்தில் தேறிவிட்டது. அந்த வார்த்தையிலிருந்து அவள் தேற இரண்டு வருஷம் ஆயிற்று.

சுகமாகாவிட்டால் அது வியாதிப்பட்டவனின் விசுவாசக் குறைவு என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? யாக்கோபு 5:14, 15 வசனங்களை நிதானமாக வாசித்துப் பாருங்கள். வியாதிப்பட்டவனுக்கு அங்கே சொல்லப்பட்ட வேலை ஒன்றே ஒன்று: சபையின் மூப்பர்களை வரவழைப்பது. எண்ணெய் பூசுவதும் விசுவாசத்தோடு ஜெபிப்பதும் வருகிறவர்கள் பொறுப்பு. மாற்கு 2-ல் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் (பக்கவாதம் வந்தவன்) வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதாக இல்லை. இயேசு 'அவர்கள்' விசுவாசத்தை, அதாவது அவனைச் சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. அப்போஸ்தலன் பவுல், தன் மாம்சத்தில் முள் என்று தானே சொன்ன உபாதைக்காக மூன்று தரம் வேண்டினார், அது நீங்கவில்லை. தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடுதான் விட்டுவந்தார். அவிசுவாசம் என்று அவர்கள்மேல் யாராவது பழி போட்டார்களா? (பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதும் நம் மேடைகளில் அதிகம் காதில் விழுவதில்லை.)

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். பத்துக் குஷ்டரோகிகளை இயேசு, போய் ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள் என்று அனுப்பினார். குஷ்டம் நீங்கினவனை ஆசாரியன் சோதித்துப் பார்த்துச் சுத்தமானவன் என்று சொல்லவேண்டும் என்பது லேவியராகமச் சட்டம். கத்தோலிக்க சபையும் இதில் அவசரப்படுவதில்லை. பிரான்சிலுள்ள லூர்து திருத்தலத்தில் 1883 முதல் மருத்துவர்கள் குழு ஒன்று இருக்கிறது. சுகம் பெற்றதாகச் சொல்லி அங்கே பதிவானவை ஆயிரக்கணக்கில். பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டி, சுகம் நிலைக்கிறதா என்று வருஷக்கணக்கில் காத்திருந்து பார்க்கிறார்கள். அங்கே மரியாள் காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் 1858 முதல் இன்றுவரை புதுமை (அற்புதம்) என்று திருச்சபை ஏற்றுக்கொண்டவை 70-ஐச் சற்றே தாண்டும். நம் கூட்டங்களில் ஒரே ராத்திரியில் அதைவிட அதிகம் பேர் மேடையேறுகிறார்கள்.

ஆகவே ஒரு கோரிக்கை. இனி சுகமடைந்த சாட்சி எதை அச்சிட்டாலும், சுகம் பெற்று எத்தனை மாதம் ஆயிற்று, மருத்துவர் மறுபடி பார்த்தாரா, மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்று மூன்று வரி கேட்டு வாங்கிப் போடுங்கள். தங்கை இப்போதும் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபிப்பாள், அப்புறம்தான் ஊசி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்