மஞ்சள் கம்புகளைப் பிடுங்காதீர்கள்

கோல்ஃப் கழகங்களின் ஆட்டக் குழுவினருக்கு,

வணக்கம். நான் அடிக்கடி ஆடும் ஒரு திடலில், கிரீனுக்கு (குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு) முன்னால் குறுக்கே கிடக்கும் குளத்தைச் சுற்றி எல்லை காட்ட நட்டிருந்த மஞ்சள் கம்புகளுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். கேட்டால், "ஆட்டம் வேகமா நகரும் சார்" என்கிறார்கள். வேறு கழகங்களிலும் இந்தப் பேச்சு அடிபடுவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அதனால் ஒரு குழுவுக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். தண்ணீரைத் தாண்டித்தான் கிரீனுக்குப் போக வேண்டும் என்று அமைந்த ஹோல்களில் (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து குழி வரையான பகுதிகளில்) மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவையுங்கள்.

கோல்ஃப் ஆடாதவர்களும் இதைப் படிக்கக்கூடும், அதனால் விதியைச் சொல்லிவிடுகிறேன். பந்து தண்ணீர்ப் பக்கம் போய்விட்டால் உள்ளே இறங்கி, கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்கலாம். அதற்குத் தண்டனை கிடையாது. முடியாது என்றால் ஓர் அடியைத் தண்டனையாகச் சேர்த்துக்கொண்டு வெளியே டிராப் செய்ய வேண்டும், அதாவது பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு அங்கிருந்து ஆட வேண்டும். மஞ்சள் கம்பு என்றால் அதற்கு இரண்டு வழி. முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போகலாம். அல்லது, பந்து கடைசியாக எல்லையைக் கடந்த புள்ளியையும் குழியையும் இணைத்து ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டிலேயே தண்ணீருக்குப் பின்னால், குழியிலிருந்து விலகி, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். சிவப்புக் கம்பு என்றால் மூன்றாவதாக ஒரு சலுகையும் உண்டு: பந்து கடந்த புள்ளியிலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், பக்கத்திலேயே டிராப் செய்துகொள்ளலாம்.

திடலின் ஓரமாக நீளவாக்கில் ஓடும் வாய்க்காலுக்குச் சிவப்புதான் சரி. அங்கே தண்ணீருக்குப் பின்னால் போய் நிற்க இடமே இருக்காது. குறுக்கே கிடக்கும் தண்ணீரில்தான் எனக்கு வருத்தம். பந்து குளத்தைத் தாண்டி அக்கரை மேட்டில் விழுகிறது, உருண்டு திரும்பித் தண்ணீருக்குள் போகிறது என்று வையுங்கள். அது கடைசியாக எல்லையைக் கடந்தது அக்கரையில். கம்பு சிவப்பாக இருந்தால் ஆட்டக்காரர் நடந்து போய் அக்கரையிலேயே டிராப் செய்யலாம், மிச்சம் கிரீனுக்கு ஒரு சின்ன சிப் (குட்டி அடி) மட்டும். மஞ்சளாக இருந்தால் இக்கரைக்கு வர வேண்டும், மறுபடி தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டும். கை நடுங்கும். அந்த ஹோல் கேட்கும் கேள்வியே அதுதான்.

அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா திடலின் 12ஆம் ஹோலை எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். 155 கெஜம்தான், முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை. 1992 மாஸ்டர்ஸின் கடைசி நாளில் ஃப்ரெட் கப்பிள்ஸ் அடித்த பந்து அந்தக் கரையில் விழுந்து உருண்டது, ஆனால் தண்ணீருக்குச் சற்று மேலே புல்லில் நின்றுவிட்டது. பார் எடுத்தார், அதாவது அந்த ஹோலுக்கு வகுத்த 3 அடியிலேயே முடித்தார். பட்டமும் அவருக்கே. 2019இல் முன்னணியில் இருந்த ஃப்ரான்செஸ்கோ மொலினாரியின் பந்து அதே கரையில் பட்டு ஓடைக்குள் உருண்டது. அவர் இக்கரையில் டிராப் செய்து, மறுபடி ஓடையைத் தாண்டி அடித்து, 5 எழுதினார். அன்று ஜெயித்தது டைகர் வுட்ஸ். 2016இல் ஜோர்டன் ஸ்பீத் இன்னும் பாவம். டிராப் செய்து அடித்த பந்தும் தண்ணீரில் விழுந்து, அந்த ஒரு ஹோலுக்கே 7 ஆனது. கரை ஏறியவுடன் கவலை தீர்ந்தது என்றிருந்தால் அந்த ஹோலைப் பற்றி இன்று யார் பேசுவார்கள்?

இது நேற்று வந்த கொள்கையும் இல்லை. நமக்குத் தெரிந்த மிகப் பழைய கோல்ஃப் விதிகள் 1744இல் எடின்பரோவுக்குப் பக்கத்திலுள்ள லீத் திடலுக்காக எழுதியவை. மொத்தம் 13. அவற்றில் ஐந்தாவது தண்ணீரைப் பற்றியது: பந்து தண்ணீரில் போனால் வெளியே எடுக்கலாம், தண்ணீருக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும், எதிராளிக்கு ஓர் அடி கொடுக்க வேண்டும். இன்றைய மஞ்சள் கம்பின் சாரம் முழுவதும் அங்கேயே இருக்கிறது. 2019இல் விதிகளைத் திருத்தி எழுதியபோதுதான், பின்னால் போக இடம் இருக்கிற தண்ணீரையும் சிவப்பாகக் குறிக்கலாம் என்ற சுதந்திரம் உங்கள் கைக்கு வந்தது. கொடுத்தது சுதந்திரம்தான், கட்டாயம் இல்லை. இடம் பார்த்து முடிவு செய்யச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

சிவப்பு வந்தால் வேகம் கூடும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சிவப்பில் எல்லாமே "பந்து எங்கே கடந்தது" என்ற ஒரே புள்ளியில் தொங்குகிறது. பின்னால் போகும்போது அந்தப் புள்ளி கொஞ்சம் முன்பின் ஆனாலும் பெரிய லாபம் இல்லை. பக்கவாட்டில் டிராப் செய்யும்போது அதுவே பல கெஜ வித்தியாசம். 2022 பிளேயர்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றில், அமெரிக்காவின் சாகிராஸ் திடலின் 16ஆம் ஹோலில், டேனியல் பெர்கரின் பந்து எங்கே கடந்தது என்று அவருக்கும் கூட ஆடிய விக்டர் ஹோவ்லாண்ட், ஜோயல் டாமன் இருவருக்கும் நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பெர்கர் பின்னால் போய் டிராப் செய்தார். உலகத்தரமான மூன்று பேருக்கே இந்த நிலை என்றால், ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு நண்பர்கள், கண்ணாடி கழற்றிய கண்கள், எதிர்வெயில்... சொல்ல வேண்டியதில்லை. ஆட்டக்காரரின் நியாயமான மதிப்பீட்டை விதி ஏற்றுக்கொள்கிறது என்பது நல்ல விஷயம். ஆனால் அந்த மதிப்பீட்டின் மேல் தேவையில்லாத பாரத்தை ஏற்றுவானேன்?

சரி, தூரமாக அடிக்க முடியாத பெரியவர்களும் புதிதாகக் கற்பவர்களும் என்ன செய்வார்கள்? பந்துக்கு மேல் பந்து தண்ணீரில் போட்டு மனம் வெறுத்துப்போவார்கள் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்குத்தான் டிராப் ஜோன், அதாவது டிராப் செய்வதற்கென்றே குறித்த இடம், இருக்கிறது. உள்ளூர் விதியாக அறிவித்தால் போதும். இக்கரையிலேயே, தண்ணீரின் அகலம் குறைவாக உள்ள பக்கம், கிரீனுக்கு நெருக்கமாக ஒரு வட்டம் போடுங்கள். வலு குறைந்தவரும் அங்கிருந்து பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையால் ஒரே அடியில் தாண்டிவிடலாம். யாரும் முதல் அடி அடித்த டீ வரை திரும்பி நடக்க வேண்டாம். தண்ணீரைத் தாண்ட வேண்டும் என்ற நியதியும் கெடாது. சாகிராஸின் 17ஆம் ஹோலில், தீவு மாதிரி கிடக்கும் அந்த கிரீனுக்கும் இதே ஏற்பாடுதான்.

வட்டம் போடும்போது தயவுசெய்து சமதரையாகப் பாருங்கள். முழங்கால் உயரத்திலிருந்து விட்ட பந்து அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும், இரண்டு முறை வெளியே உருண்டால் கையால் வைக்க வேண்டும். 2019 ஃபீனிக்ஸ் ஓபனின் 11ஆம் ஹோலில், தண்ணீரோரச் சரிவில், ரிக்கி ஃபௌலர் இதைத்தான் செய்தார். வைத்துவிட்டு கிரீனைப் பார்க்க மேலே ஏறினார். பந்து தானாக உருண்டு மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது. யாரும் தொடவில்லை, ஆனாலும் அன்றைய விதிப்படி இன்னோர் அடி தண்டனை. பட்டத்தை அவர் எப்படியோ வென்றுவிட்டார். 2023இல் விதி மாறி, இப்படி உருண்ட பந்தைத் தண்டனையில்லாமல் திரும்ப வைக்கலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் நம் கழகப் போட்டிகளில் மாதம் முழுக்கக் காத்திருந்து ஆட வருகிறவருக்குப் பந்து நிற்காமல் உருண்டுகொண்டே இருந்தால் மனசு ஆறாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்கு அப்புறம் கம்புகள் சாய்ந்து கிடக்கும், சுண்ணாம்புக் கோடு அழிந்திருக்கும், குளம் வழிந்து ஃபேர்வேயில் (ஆடும் புல்வெளியில்) நிற்கும். கம்புக்கு வெளியே நிற்பது தற்காலிகத் தண்ணீர், அதற்குத் தண்டனை இல்லாமலே டிராப் உண்டு. கம்புக்கு உள்ளே என்றால் ஓர் அடி. கம்பே இல்லாவிட்டால் எது குளம், எது வழிந்த தண்ணீர் என்று கேடியும் (மட்டைப் பை சுமக்கும் உதவியாளரும்) ஆட்டக்காரர்களும் கணுக்கால் சேற்றில் நின்று வழக்காட வேண்டியதுதான். நிறம் குறிக்காத தண்ணீரைச் சிவப்பாகவே கொள்ள வேண்டும் என்று விதி 17 சொல்கிறது. அதாவது பராமரிக்காமல் விட்டாலும் மஞ்சள் போய்விடும், நீங்கள் பெயின்ட் அடிக்கக்கூட வேண்டாம்.

ஆகவே வரும் மழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை திடலைச் சுற்றி நடந்து பாருங்கள். கூடவே ஒரு மூத்த கேடியை அழைத்துப் போங்கள், பந்து எந்தக் கரையில் பட்டு எங்கே உருளும் என்று அவருக்குத்தான் தெரியும். குறுக்குத் தண்ணீருக்கு மஞ்சள், ஓரத் தண்ணீருக்குச் சிவப்பு என்று கம்புகளை நட்டு, டிராப் ஜோன் எங்கே என்பதை ஸ்கோர் கார்டின் பின்பக்கத்திலும் முதல் டீயின் அறிவிப்புப் பலகையிலும் தமிழிலும் எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் திடல்களில் ஆடும் ஓர் ஆட்டக்காரன்