கஜானா சாவி யாரிடம்?

அன்புள்ள கயலுக்கு,

உன் வரைவைப் படித்தேன். அமெரிக்காவின் முதல் தலைமுறைத் தலைவர்கள் போருக்கு அஞ்சியது உயிர்ச்சேதத்தால் என்று மட்டும் எழுதினால் கட்டுரை பாதியில் நின்றுவிடும். கடனையும் வரியையும் பிடித்துக்கொண்டு போ.

விடுதலைப் போரின்போது காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, வரி போடும் அதிகாரமே கிடையாது. 1775 முதல் 1779 வரை சுமார் 24 கோடி டாலருக்கு நோட்டு அடித்துத் தள்ளியது. 1780 மார்ச்சில் அதே காங்கிரஸ், நாற்பது காகித டாலர் ஒரு வெள்ளி டாலருக்குச் சமம் என்று அறிவித்தது. சம்பளத்தை நோட்டாக வாங்கி வைத்திருந்த சிப்பாயின் கதியை நினைத்துப் பார். 1790ல் நிதியமைச்சர் ஹாமில்டன் போட்ட கணக்கில் மத்திய அரசின் கடன் சுமார் 5.4 கோடி டாலர், மாநிலங்களின் கடன் ஏறக்குறைய 2.5 கோடி. அந்தச் சுமைக்காக 1791ல் விஸ்கிக்கு வரி வந்தது. 1794ல் மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் கிளர்ந்தார்கள்; அடக்க வாஷிங்டன் திரட்டியது 13,000 பேருக்குச் சற்றே குறைந்த படை.

அடுத்த ஏப்ரலில் மேடிசன் (அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், பின்னாளில் அதிபர்) எழுதியதை இதோடு சேர்த்துப் படி. போர் படையைப் பெறும், படையிலிருந்து கடனும் வரியும் பிறக்கும், அவை பலரைச் சிலருக்கு அடக்கிவைக்கும் கருவிகள் என்கிறார். நீ இதைத் தத்துவம் என்று எழுதியிருக்கிறாய். கண்ணெதிரே நடந்ததைத்தான் சொல்கிறார்.

அரசியல் சட்டத்தில் முதல் பிரிவின் 8ஆம் உட்பிரிவைப் பார். அந்தச் சட்டத்தின் வரைவில் 'போர் நடத்தும்' அதிகாரம் காங்கிரஸுக்கு என்று இருந்தது. 1787 ஆகஸ்ட் 17 அன்று, சட்டத்தை வகுத்த மாநாட்டில், மேடிசனும் இன்னொரு உறுப்பினரான ஜெர்ரியும் அதை 'போர் அறிவிக்கும்' என்று மாற்றச் சொன்னார்கள். திடீரென்று யாராவது தாக்கினால் விரட்ட அதிபருக்கு இடம் வேண்டுமே, அதற்காக. போரைத் தொடங்கும் உரிமையே அதிபருக்குப் போய்விட்டதாக இதை வைத்து வாதிடுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அதிபரிடமே கொடுத்துவிடலாம் என்று அன்றைக்கு மாநாட்டின் மற்றோர் உறுப்பினர் பட்லர் கேட்டபோது, ஒரு குடியரசில் இப்படியொரு யோசனையைக் கேட்பேன் என்று நினைக்கவேயில்லை என்றார் ஜெர்ரி.

அதே உட்பிரிவில் இன்னொரு பூட்டு: தரைப்படைக்கு ஒரே தடவையில் இரண்டு ஆண்டுக்கு மேல் பணம் ஒதுக்க முடியாது. காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் ஆயுளும் இரண்டு ஆண்டுதான்; ஆக, மக்கள் புதிதாகத் தேர்ந்த சபையிடம் மறுபடி கேட்டாக வேண்டும். கடற்படைக்கு இந்தக் கட்டு இல்லை. உள்நாட்டு மக்களை மிரட்டக் கப்பல் உதவாது.

இவர்களை அகிம்சாவாதிகள் ஆக்கிவிடாதே. உரிய நேரத்தில் செய்யும் தற்காப்புச் செலவு பிறகு வரும் பெருஞ்செலவைத் தவிர்க்கும் என்று 1796 பிரியாவிடை உரையில் வாஷிங்டன் சொல்லியிருக்கிறார். வாஷிங்டன், மேடிசன், பட்லர் மூவரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். சுதந்திரம் என்று வரும் பத்தியிலேயே அதைச் சொல், அடிக்குறிப்புக்குத் தள்ளாதே.

கடைசிப் பகுதிக்கு மேடிசனையே எடுத்துக்கொள். 1812 ஜூன் 18 அன்று போர் அறிவிப்பில் அதிபராகக் கையெழுத்திட்டவர் அவர்தான். பிரதிநிதிகள் சபையில் 79க்கு 49, செனட்டில் 19க்கு 13. முறைப்படி நடந்த வாக்கெடுப்புதான். ஆனால் கடன் சுமார் 4.5 கோடியிலிருந்து 1816க்குள் 12.7 கோடி டாலர் வரை ஏறியது. 1791ல் தேசிய வங்கி அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று எதிர்த்தவர், 1816ல் இரண்டாவது தேசிய வங்கிக்குக் கையெழுத்துப் போட்டார்.

திருத்தியதும் அனுப்பு.

அம்மா