ஸ்கீன்ஸ் இருக்கப்போகும் நான்கு கோடைகள்: பைரேட்ஸ் உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்

பிட்ஸ்பர்க், 2026 ஜனவரி

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் திரு. பாப் நட்டிங் அவர்களுக்கு,

வணக்கம்.

ரயன் ஓ'ஹெர்ன் நம் அணிக்கு வருகிறார், இரண்டு வருஷம், 29 மில்லியன் டாலர் என்று செய்தி வந்த அன்று என் மகன் மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி ஓடிவந்தான். அவனுக்குப் பதினான்கு வயது. அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாமல், இருக்கும் ஓர் ஆட்டக்காரரை ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் போட்டு நம் அணி எடுத்தது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் அப்படி நடந்தது 2016 டிசம்பரில், பந்து வீசும் பிட்சர் இவான் நோவாவை மூன்று வருஷத்துக்குத் தக்கவைத்தபோது. அப்போது என் மகன் பாலர் பள்ளியில் இருந்தான்.

வேறு ஊர்களில் இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்கு எந்தப் பையனும் படியில் தடுக்கி விழப் பார்க்கமாட்டான். இங்கே விழப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி ஒன்றை உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காலை சேவித்துவிட்டு, கேன்டீனில் புளியோதரை வாங்கிக்கொண்டு, நேரே மதிய ஆட்டத்துக்கு வண்டியை விடும் குடும்பங்கள் எங்களில் உண்டு. எங்கள் பிள்ளைகளின் தலையில் மஞ்சள் எழுத்துப் போட்ட கறுப்புத் தொப்பி இருக்கிறது. இந்தியாவிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறிதல் பையன்களோடு 2008 நவம்பரில் ஒப்பந்தம் போட்டது உங்கள் அணிதான். அதுவரை கிரிக்கெட்டை மட்டுமே பேசிக்கொண்டிருந்த எங்கள் நண்பர்கள் பலர் அன்றுதான் முதன்முதலாக பேஸ்பால் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். அந்தப் பையன்கள் மேஜர் லீக் என்ற உச்ச லீக் வரை வரவில்லை. நாங்கள் மட்டும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் நம்மிடம் இன்னும் நான்கு கோடைதான் இருப்பார். இந்த வருஷம், அடுத்த வருஷம், 2028, 2029. அதற்குள் அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்டுங்கள்.

கணக்கு உங்களுக்குத் தெரியும். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மேஜர் லீக்கில் ஆறு வருஷச் சேவை முடிந்தால்தான் ஓர் ஆட்டக்காரர் தன் விருப்பப்படி அணி மாறலாம். முதல் சில வருஷம் கிட்டத்தட்ட அடிப்படைச் சம்பளம், அடுத்த வருஷங்களில் நடுவர் முன்னிலையில் பேரம், அதற்குப் பிறகு சந்தை. ஸ்கீன்ஸ் 2024 மே மாதம்தான் மேஜர் லீக்குக்கு வந்தார். ஆனால் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானதால் விதிப்படி அவருக்கு முழு வருஷச் சேவை கிடைத்துவிட்டது. 2025-இல் அவர் சம்பளம் 8,75,000 டாலர். அந்தச் சம்பளத்துக்கு அவர் கொடுத்தது ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ரன் மட்டும் விட்ட சராசரி, 216 ஸ்ட்ரைக்அவுட் (பந்துவீச்சிலேயே ஆட்டமிழக்க வைப்பது), முப்பது வாக்குகளில் முப்பதையும் வாங்கிய, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

வெற்றி தோல்விக் கணக்கு? பத்து வெற்றி, பத்து தோல்வி.

என் மகன் ஆட்டத்துக்கு வரும்போது ஸ்கோர் அட்டையும் பென்சிலும் கொண்டுவருவான். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கற்றுக்கொடுத்த பழக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்ன வைரம் அச்சாகியிருக்கும். ஆட்டக்காரர் சுற்றி வந்து ரன் எடுத்தால் அந்த வைரத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். ஸ்கீன்ஸ் பந்து போட்ட நாட்களின் அட்டைகளை அவன் தனியாக ஒரு உறையில் வைத்திருக்கிறான். எதிரணிப் பக்கம் முழுக்க 'கே', 'கே' என்று வரிசையாக ஸ்ட்ரைக்அவுட் குறி. அட்டையைத் திருப்பினால் நம் பக்கம். வைரமெல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது. அந்த அட்டைகளைப் பார்த்தால் புள்ளிவிவரமே வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன்: 2025-இல் நம் அணி அடித்த ஹோம் ரன், அதாவது சுவரைத் தாண்டிய அடி, 117. மேஜர் லீக்கின் முப்பது அணிகளில் அதுதான் கடைசி. ரன் எண்ணிக்கையிலும் நாம்தான் கடைசி. மொத்தத்தில் 71 வெற்றி, 91 தோல்வி.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவனாக இருந்தபோது நம் அணியின் பழைய நட்சத்திரம் ரொபர்ட்டோ கிளெமென்ட்டே ஆடியதை அப்பாவோடு போய்ப் பார்த்தவர். 2013 அக்டோபர் 1 அன்று சின்சினாட்டிக்கு எதிரான, தோற்றால் வெளியேற வேண்டிய வைல்ட் கார்ட் ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். இருபது வருஷம் தொடர்ந்து தோல்விக் கணக்கிலேயே முடிந்த அணி அன்று மறுபடி அக்டோபரில், சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றில், ஆடியது. மைதானமே கறுப்புச் சட்டையில் நின்றது. நாற்பதாயிரம் பேர் எதிரணி பிட்சர் ஜானி குவெட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிட்டோம். அவர் கையிலிருந்த பந்து நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த பந்தை நம் ரஸ்ஸல் மார்ட்டின் இடப்பக்கச் சுவருக்கு அப்பால் அடித்தார். பெரியவர் என் தோளைப் பிடித்த பிடியில் மறுநாள் வலித்தது. அவர் அழுததை நான் பார்த்தேன். நானும் அழுதேன்.

அந்த ரசிகர் கூட்டம் எங்கே போனது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால், 2015-க்குப் பிந்தைய குளிர்காலத்தை எடுத்துப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை எல்லாம் திரும்பிய இடம் அதுதான். 2018 அல்ல, அதைப் பிறகு சொல்கிறேன்.

2015-இல் நாம் 98 ஆட்டம் வென்றோம். ஒரே ஓர் ஆட்டத்தில், பிட்சர் ஜேக் அரியெட்டாவின் கையால், 4-0 என்று சிகாகோவிடம் தோற்று வெளியே வந்தோம். 98 வெற்றி பெற்ற அணிக்கு வேண்டியது இன்னும் இரண்டு ஆட்டக்காரர்கள். நடந்தது வேறு. பிட்சர் ஜே.ஏ. ஹாப் நம்மிடம் வந்து பதினொரு ஆட்டத்தில் 1.85 சராசரி வைத்திருந்தார். நம் பயிற்சியாளர்கள்தான் அவரை மாற்றியெடுத்தார்கள். டொரொன்டோ மூன்று வருஷத்துக்கு 36 மில்லியன் கொடுத்து அழைத்துக்கொண்டது. அடுத்த வருஷமே அவர் அங்கே இருபது ஆட்டம் வென்றார். நீல் வாக்கர் இந்த ஊர்ப் பிள்ளை, இந்த ஊரில் பள்ளி படித்தவர். அவரைக் கொடுத்து ஜான் நீஸ் என்ற பிட்சரை வாங்கினோம். நீஸ் அந்த வருஷத்தைக்கூட நம்மோடு முடிக்கவில்லை. பெட்ரோ அல்வரெஸை ஒப்பந்தமே இல்லாமல் விட்டோம். 2016-இல் 78 வெற்றி. அதிலிருந்து இன்றுவரை அக்டோபரில் ஓர் ஆட்டம்கூட இல்லை.

மறுபடி கட்டும் காலம் என்று ஒன்று உண்டு. அதை ரசிகர்கள் பொறுத்துக்கொள்வோம். இருபது வருஷம் பொறுத்தோமே. ஆனால் கட்டி முடித்த வீட்டுக்குக் கூரை போடும் வேளையில் கையை இழுத்துக்கொண்டால் எப்படி?

2018 ஜனவரியில் நம் பிட்சர் கெரிட் கோல் ஹூஸ்டனுக்கும், நம் நட்சத்திரம் ஆண்ட்ரூ மெக்கட்சன் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சில நாள் இடைவெளியில் போனார்கள். அணியை விற்றுவிடுங்கள் என்ற மனுவில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். மற்ற அணிகளிடமிருந்து வரும் வருமானப் பங்கை அணிக்காகச் செலவழிக்கவில்லை என்று ஆட்டக்காரர் சங்கம் நம் அணி உட்பட நான்கு அணிகள் மேல் புகார் கொடுத்தது. பெரியவர் அன்றிலிருந்து டிக்கெட் வாங்குவதில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். கோடைக் காலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் ரேடியோ ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை பாடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன். நல்லது நடந்ததை நல்லது என்றே சொல்ல வேண்டும். டிசம்பரில் பிராண்டன் லோவை வாங்கினீர்கள். 2025-இல் 31 ஹோம் ரன் அடித்தவர். ஹோம் ரன் அடிப்பவரான கைல் ஷ்வார்பருக்கு 100 மில்லியனுக்கு மேல் பேசினீர்கள் என்று செய்தி வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. அவர் ஃபிலடெல்ஃபியாவிலேயே தங்கிவிட்டார், ஆனால் கேட்டீர்களே, அதுவே பெரிது. பிறகு ஓ'ஹெர்ன். பந்துவீச்சில் மிகுதி இருக்கும் அணி, மைக் பரோஸ், யோஹான் ஒவியெடோ போன்ற பிட்சர்களைக் கொடுத்து அடிப்பவர்களை வாங்குவது சரியான கணக்கு. பரோஸ் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த மாற்றத்தை நான் ஆதரிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் கேன்டீனில் இதே பேச்சுத்தான். ஓர் அண்ணன், "பதினைந்து வருஷமா ஏமாந்தாச்சு, இதுவும் டிக்கெட் விக்கிறதுக்குத்தான்" என்றார். எங்களோடு எப்போதும் ஆட்டத்துக்கு வரும் ஓர் அக்கா விடவில்லை: "ஷ்வார்பருக்கு வெச்ச காசு இன்னும் பெட்டியிலதானே இருக்கு? அதை எடுத்து மூணாவது பேஸுக்கு ஒருத்தர வாங்கட்டும், அப்புறம் பேசலாம்." நான் அக்கா பக்கம். லோவின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. கெப்ரையன் ஹேய்ஸைப் போன ஜூலையில் சின்சினாட்டிக்கு அனுப்பியதிலிருந்து மூன்றாவது பேஸில் நிலையான ஆள் இல்லை. வராமல் போன ஒருவருக்காக ஒதுக்கிய பணத்தை அடுத்தவருக்குச் செலவழிக்கத் தடை ஏதும் இல்லையே.

அடுத்தது நம் இளம் ஆட்டக்காரர் கானர் கிரிஃபின். இன்னும் இருபது வயது நிறையவில்லை. போன வருஷம் கீழ் லீக்குகளில் 21 ஹோம் ரன் அடித்து, 65 பேஸ் திருடி (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடி), மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள அல்டூனா வரை வந்துவிட்டார். அவர் தயாரா இல்லையா என்பதை மேலாளர் டான் கெல்லியும் பயிற்சியாளர்களும் பிராடன்டன் பயிற்சி முகாமில் பார்த்துச் சொல்லட்டும். தயாரில்லை என்றால் நாங்கள் காத்திருப்போம். தயார் என்றால் முதல் நாளே இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே அவருடைய ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிறுத்துங்கள். கோல் மேஜர் லீக்குக்கு 2013 ஜூனில்தான் வந்தார், கிரெகரி பொலாங்கோ 2014 ஜூனில். ஜூனில் ஏன் என்பது இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சம்பளப் பேரம் ஒரு வருஷம் முன்னதாக வராமல் தடுக்க ஏப்ரல், மே ஆட்டங்களை விட்டுக்கொடுக்கும் வசதி, ஸ்கீன்ஸுக்கு நான்கு கோடையே மிச்சமிருக்கும் அணிக்கு இல்லை.

மெக்கட்சனைப் பற்றி ரசிகர்கள் இரண்டு பட்டுக் கிடக்கிறோம். வயது 39. ஓ'ஹெர்ன் வந்துவிட்டார், இடம் இல்லை என்று என் மகனே சொல்கிறான். ஆட்டக் கணக்கில் அவன் சொல்வது தவறில்லை. ஆனால் 2013-இல் இந்த ஊரைத் தலைநிமிர வைத்தவர் அவர். போன பிறகும் 2023-இல் திரும்பி வந்தவர். என் எண்ணம், இன்னும் ஒரு வருஷம் அவருக்குக் கொடுங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம் போதும். முடியாது என்று முடிவெடுத்தால் அதை அவரிடம் நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள். செய்தி பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

ஸ்கீன்ஸோடு நீண்ட ஒப்பந்தம் பேசுங்கள் என்று கேட்கும் ரசிகர்கள் நிறைய. பேசுங்கள். நம் ஆட்டக்காரர் பிரையன் ரெய்னால்ட்ஸோடு 2023-இல் எட்டு வருஷம், 106.75 மில்லியன் என்று முடித்தீர்கள். கடைசிவரை நடக்காது என்றுதான் பலரும் சொன்னார்கள், நடந்தது. ஆனால் கோல் பிறகு நியூயார்க்கில் 324 மில்லியன் வாங்கினார். ஸ்கீன்ஸ் அதையும் தாண்டுவார். அந்தத் தொகையைப் பார்த்து மலைத்து, எப்படியும் போகிறவர்தானே என்று இந்த நான்கு வருஷத்தையும் அரைமனதாக ஆடவேண்டாம் என்பதுதான் என் கவலை. தங்குவாரா என்பது அவர் கையில். அவர் பந்து போடும் நாளில் நான்கு ரன் எடுக்கும் அணி இருக்குமா என்பது உங்கள் கையில்.

ஏப்ரலில் நம் மைதானத்தில் நடக்கும் முதல் ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கிவிட்டேன். மேல் அடுக்கு, வலப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் கிளெமென்ட்டே பாலமும், ஆறும், இந்த ஊரின் கட்டடங்களும் தெரியும். கிளெமென்ட்டேயின் எண்ணுக்காக இருபத்தொரு அடி உயரத்தில் எழுப்பிய சுவரும் அந்தப் பக்கம்தான். ஒன்று எனக்கு, ஒன்று என் மகனுக்கு. மூன்றாவதைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேசைமேல் வைத்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஷார்ட்ஸ்டாப்பில் யார் நிற்கப்போகிறார்கள் என்று கேட்டார்.

இப்படிக்கு,
மேல் அடுக்கிலிருந்து ஒரு தமிழ் ரசிகன்