மன்னிக்கச் சொல்வதற்கு முன் கணவனையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனதில் வன்மம் வைத்திருந்தால் புற்றுநோய் திரும்பவும் வரும், ஆகவே கணவன்மாரை மன்னித்துவிடுங்கள் என்று உங்கள் மகளிர் பக்கத்தில் ஒருவர் அறிவுரை எழுதியிருந்தார். மார்புப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்து தேறியவள் நான். இதற்கு என்ன ஆதாரம் என்று தெல்லிப்பழையில் என்னைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தந்த தமொக்சிபன் குளிசையை இடையில் நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். என் கோபத்துக்கு அவர் மருந்து எழுதவில்லை.

என் கணவர் கெட்டவர் அல்லர். குடியில்லை, கை நீட்டியதுமில்லை. 2009 இல் தருமபுரத்திலிருந்து மாத்தளன் வரைக்கும் என் தாயைத் தோளில் சுமந்து வந்தவர். செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் எனக்கும் சேர்த்து நின்றவர். ஷெல் விழுந்தபோது பயப்படாத மனிதர் என் மொட்டைத் தலையைக் கண்டு பயந்துவிட்டார். மருந்து ஏற்றப் போகும் நாட்களில் பரந்தன் சந்தி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார், ஆனால் இயந்திரத்தை நிறுத்த மாட்டார். நான் இறங்கிச் சேலையைச் சரிசெய்வதற்குள் வண்டி திரும்பியிருக்கும். வயலில் வேலை, மாடு கட்டவேண்டும், உழவு இயந்திரக்காரன் வருவான், ஏதாவது ஒன்று இருக்கும்.

மச்சாள் வீட்டில் எனக்கென்று ஒரு பேணியைப் புறம்பாக வைத்தார்கள். மாறிவிடாமல் இருக்க அடியில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு. புற்றுநோய் தொற்றுநோய் அல்ல என்று படித்த பிள்ளைகள் இருக்கும் வீடு அது. என் கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பொட்டைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

இதையெல்லாம் கூட விட்டுவிடலாம். விட முடியாதது அந்தக் காய்ச்சல் இரவு. மருந்து ஏற்றிப் பத்து நாள் அளவில் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துவிடும், அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் நடுச்சாமம் என்றாலும் உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நடுங்கிக்கொண்டு அவரை எழுப்பினேன். "பனடோல் போட்டுவிட்டுப் படும், காலையில் பார்ப்போம்" என்றார். ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தவன் என் தமையனின் மகன். நான் வாட்டில் கிடந்தேன், அவர் அடுத்த நாள் மத்தியானம் வந்து, சாப்பிட்டீரா என்று கேட்டார்.

இப்போது கலியாண வீடுகளில் என் வருத்தக் காலத்தில் தாம் பட்ட பாட்டை எல்லாருக்கும் சொல்கிறார். நான் சோறு போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். சமைக்கிறேன், தோய்க்கிறேன், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஒன்றாகத்தான் போகிறோம். கோபம் அது பாட்டுக்கு இருக்கிறது. அதனால் யாருக்கும் சோறு குறையவில்லை.

நான் எழுத வந்தது வேறு. கர்ப்பவதிகள் கிளினிக்கில் கணவனையும் கூட்டிவரச் சொல்கிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கும்போதும், வீட்டில் யார் பார்க்கப்போகிறார்களோ அவரைக் கூப்பிட்டு இருத்தி, காய்ச்சல் வந்தால் என்ன, வாய் புண்ணானால் எதைச் சாப்பிடக் கொடுப்பது, ஏன் சனக்கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று அவருக்கும் நேரே சொல்ல வேண்டும். பனடோல் கதை அறியாமையா அசண்டையா என்று எனக்கு இன்னமும் தெரியாது. அறியாமை என்றால் அரை மணித்தியாலப் பேச்சில் தீர்ந்திருக்கும். அசண்டை என்றால், தெரியாது என்று சொல்ல அவருக்கு இடமிருந்திராது. 35 வயதுக்கு மேல், பெண்களுக்குப் புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வாருங்கள் என்று வீடு வீடாக வந்து சொல்லும் குடும்பநல உத்தியோகத்தர்கள், படலையடியில் நிற்கும் ஆண்களிடமும் இரண்டு சொல் சொல்லிவிட்டுப் போகலாம்.

மன்னிப்பதைப் பற்றி எழுதியவர் அடுத்த கட்டுரையை ஆண்களுக்கு எழுதட்டும். என் பெயரைப் போடவேண்டாம். ஊரைப் போடுங்கள், என் கணவர் உங்கள் பத்திரிகையை மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசிப்பவர்.

ஒரு வாசகி,
தருமபுரம், கிளிநொச்சி.